37 டிகிரி: மும்பைக்கு ஒரு கணக்கு, திருநெல்வேலிக்கு ஒரு கணக்கு

1962ஆம் வருடம் ஜனவரி 22ஆம் தேதி காலை சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். மும்பையில் இதுவரை அளந்ததில் அதுதான் மிகக் குறைவு. அதே காலை, அதே ஊரில், கொலாபாவில் 11.7. லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம். மறுபக்கம் பார்த்தால், 1952 ஏப்ரல் 14 அன்று இந்த ஊரில் 42.2 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. எப்போது பார்த்தாலும் பிசுபிசு என்று ஒரே மாதிரி இருக்கிற ஊர் என்று நாம் குறை சொல்லும் மும்பையின் இரண்டு எல்லைகள் இவை.

ஜனவரியில் 13, 14 டிகிரிக்கு இறங்கினாலே இங்கே மராத்தி சானல்களில் 'தண்டி' என்று செய்தி ஓட ஆரம்பித்துவிடும். தில்லிக்காரர்கள் சிரிப்பார்கள். மே மாதம் மும்பையில் 35 டிகிரி என்றால் ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள், "அவ்வளவுதானா? இங்கே 41" என்பார்கள். சிரிக்கிறவர்களும் தப்பில்லை, சிலுப்பிக்கொள்கிறவர்களும் தப்பில்லை. ஆனால் 'வெப்ப அலை', 'குளிர் அலை' என்று அரசாங்கம் அறிவிக்கிறதே, அதற்கு ஒரு வரையறை இருக்க வேண்டும் அல்லவா? அதை யார் போட்டார்கள், எந்த ஊரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

தெர்மாமீட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் ஒரு வரையறை இருந்தது. அக்னி நட்சத்திரம். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கிருத்திகையைக் கடந்து, ரோகிணி முதல் பாதம் தாண்டும் வரை; ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. கிருத்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அந்தப் பெயர். வட இந்தியாவில் இதே போல 'நௌதபா' என்று ஒன்பது நாள் கணக்கு உண்டு. அது சூரியன் ரோகிணிக்குள் நுழையும்போது, மே 25 வாக்கில் தொடங்கும். அதாவது நமக்குக் கத்திரி முடியப் போகிற நேரத்தில் அவர்களுக்கு ஆரம்பம். காஷ்மீரில் குளிருக்கு இப்படி ஒரு கணக்கு: டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் 'சில்லை கலான்', அடுத்த 20 நாள் 'சில்லை குர்த்', அதற்கடுத்த 10 நாள் 'சில்லை பச்சா'. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் ஒரு விதத்தில் குளிர் அலைக்கான வரையறைதான். அளவுகோல் தரையும் மச்சும்! மும்பையின் 7.4 விழுந்தது தை மாதத்தில். 2012 பிப்ரவரி 9 அன்று சாந்தாக்ரூஸில் 8.8 வரை இறங்கியதே, அதுவும் தை கடைசி.

இந்த நாட்காட்டி வரையறைகளில் ஒரு வசதி, முன்கூட்டியே தெரியும். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், கிணறு வெட்டுவதை நிறுத்தி வைக்கலாம். குறை என்னவென்றால், வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஓடுவதால், பருவ காலத்தோடு ஒப்பிட்டால் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் அக்னி நட்சத்திரம் இப்போதைக்கு இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கும். அளவுகோலே நகர்கிறது என்கிற இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ரூபத்தில் வரும்.

அடுத்து வெள்ளைக்காரன் காலம். கொலாபாவில் கிழக்கிந்திய கம்பெனி 1826இல் வானாய்வகத்தை நிறுவியது. கப்பல்களுக்கு நேரம் சொல்வதும் நட்சத்திரம் பார்ப்பதும்தான் முதல் வேலை. 1840களிலிருந்து காந்த அளவீடும் வானிலை அளவீடும் முறையாக நடக்க ஆரம்பித்தன. 1896இல் அதன் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் நானாபாய் பிராம்ஜி மூஸ் என்கிற பார்சிக்காரர். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அந்த மின்சாரம் காந்தமானிகளைக் குழப்பிவிடும் என்று தெரிந்ததும், காந்த ஆய்வுகளை மட்டும் 1904இல் கடல் தாண்டி அலிபாகுக்கு மாற்றியது அவர் காலத்தில்தான். டிராம் ஓடியது 1907இல். மூன்று வருடம் முன்னாலேயே யோசித்த அரசாங்க அலுவலகம்! (இதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும்.)

1864இல் கல்கத்தாவைப் புயல் துவைத்து எடுத்தது. அதைத் தொடர்ந்து மழை பொய்த்துப் பஞ்சங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. அதன் முதல் கவலைகள் புயலும் பருவமழையும். நாடு முழுக்க ஒரே மாதிரிப் பெட்டிகள் வந்தன. வெள்ளை வர்ணம் அடித்து, பக்கங்களில் சாய்ந்த பலகைகள் வைத்து, காற்று உள்ளே போகும், வெயில் போகாது என்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி. வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவருடைய அப்பா. நல்ல வெட்டவெளியில், புல்தரையில், சுமார் நாலடி உயரத்தில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் நான்கு தெர்மாமீட்டர்கள். ஒன்று அதிகபட்சத்துக்கு, ஒன்று குறைந்தபட்சத்துக்கு, ஒன்று சாதாரணமானது. நான்காவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்த ஈரத்துணிக்காரரை மறக்க வேண்டாம், அவரிடமும் திரும்பி வருவோம்.

இனி இன்றைய வரையறை. வானிலைத் துறையின் கணக்குப்படி, சமவெளியில் ஒரு நிலையம் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிப் பேச்சே எடுக்கலாம். மலைப்பகுதியில் 30. தொட்ட பிறகு, அந்த நாளுக்கான இயல்பு அளவைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதல் என்றால் வெப்ப அலை, அதற்கும் மேலே போனால் கடும் வெப்ப அலை. இயல்பு என்னவாக இருந்தாலும் 45 வந்துவிட்டால் வெப்ப அலை, 47 என்றால் கடும். கடற்கரைக்கு மட்டும் தனி: 37 டிகிரியும் வேண்டும், இயல்பைவிட 4.5 கூடுதலும் வேண்டும். இதுவும் போதாது. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாள் இப்படி இருக்க வேண்டும். இரண்டாம் நாள்தான் அறிவிப்பு. நாடு முழுக்க 36 உட்பிரிவுகள். மும்பை கொங்கண்-கோவாவில் வருகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒன்று.

குளிருக்கு இதைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். சமவெளியில் 10 அல்லது அதற்குக் கீழே, மலையில் பூஜ்யம், இயல்பைவிட 4.5 குறைவு. 4 டிகிரி வந்துவிட்டால் இயல்பைப் பார்க்க வேண்டாம். கடற்கரையில் 15 டிகிரியே போதும், 4.5 குறைவாக இருந்தால்.

இதுவும் ஆதியிலிருந்து இருந்த விதி இல்லை. 2010களின் நடுப்பகுதி வரை இருந்த கணக்கில், இயல்பு 40க்குள் இருக்கும் ஊருக்கு 5, 6 டிகிரி கூடினால் வெப்ப அலை. இயல்பே 40ஐத் தாண்டும் ஊருக்கு 3, 4 டிகிரி கூடினாலே போதும். ஏற்கெனவே கொதிக்கிற ஊருக்கு இன்னும் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்கிற நியாயம் அதில் இருந்தது. புதியதில் எல்லோருக்கும் ஒரே 4.5. கணக்குச் சுலபம், ஆனால் எனக்கென்னவோ பழையதில் கொஞ்சம் கூடுதல் கரிசனம் இருந்ததாகப் படுகிறது.

'இயல்பு' என்றால் என்ன? முப்பது வருடச் சராசரி. பத்து வருடத்துக்கு ஒரு முறை அந்த முப்பது வருடத்தை நகர்த்துவது உலக வழக்கம். ஊர் சூடாகிக்கொண்டே போனால் இயல்பும் ஏறிக்கொண்டே போகும். தாத்தா காலத்தில் வெப்ப அலை என்று பதிவாகியிருக்கக்கூடிய ஒரு நாள், பேரன் காலத்தில் சாதாரண நாளாகிவிடும். பஞ்சாங்கம் 72 வருடத்துக்கு ஒரு நாள் நகர்கிறது என்று சொன்னேனே, இது அதைவிட வேகமாக நகர்கிற அளவுகோல்.

நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. "வேலூரில் வெயில் சதம்!" மெட்ரிக் முறை வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் வெயிலுக்கு மட்டும் நமக்குப் பாரன்ஹீட்தான், கிரிக்கெட் மாதிரி நூறு அடித்தால்தான் செய்தி. நூறு பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். வேடிக்கை என்னவென்றால், கடற்கரைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் 37 டிகிரி என்பது 98.6 பாரன்ஹீட். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் நாம் தேடுகிற அதே எண்!

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கணக்கையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் வெப்ப அலை என்றால் தொடர்ந்து மூன்று நாள் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட வேண்டும். அந்த அளவு மாவட்டத்தைப் பொறுத்து 25 முதல் 28 டிகிரி. லண்டனுக்கு 28. நம் ஆபீஸ்களில் ஏசி ரிமோட்டில் வைக்கிற எண் ஸ்காட்லாந்தில் வெப்ப அலை! நெதர்லாந்தில் ஐந்து நாள் 25க்கு மேல், அதில் மூன்று நாள் 30ஐத் தொட வேண்டும். சிங்கப்பூரில் மூன்று நாள் 35, அதோடு அந்த நாட்களின் சராசரி வெப்பநிலை 29க்குக் குறையக் கூடாது. மலேசியாவில் மூன்று நாள் 35ஐத் தாண்டினால் முதல் நிலை எச்சரிக்கை, 37ஐத் தாண்டினால் வெப்ப அலை, 40ஐத் தாண்டினால் அவசர நிலை. லண்டன்காரர்களைக் கேலி செய்ய வேண்டாம். குளிருக்காகக் கட்டிய வீடு, ஃபேன் கிடையாது. 2003இல் ஐரோப்பாவில் அடித்த வெயிலில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தனியாக இருந்த வயதானவர்கள்.

சிங்கப்பூர்க் கணக்கில் அந்தச் சராசரியைக் கவனித்தீர்களா? சராசரி என்றால் இரவும் அதில் சேர்ந்துவிடுகிறது. நம் கணக்கில் பகல் உச்சம் மட்டும்தான். மும்பைக்கு இது ஏன் பொருந்தாமல் போகிறது என்று பார்க்க, இந்த ஊர் எப்படிச் சூடாகிறது என்று தெரிய வேண்டும்.

மும்பையில் மே மாதத்தைவிட மார்ச்சில்தான் உச்ச வெயில் திடீர் திடீரென்று அடிக்கும். 2011 மார்ச் 17 அன்று சாந்தாக்ரூஸில் 41.6. காரணம் கடல்காற்று. காலையில் காற்று நிலத்திலிருந்து, கிழக்கிலிருந்து வீசும். பதினொரு மணி வாக்கில் திசை மாறிக் கடலிலிருந்து வர வேண்டும். வந்துவிட்டால் 33 டிகிரியோடு தப்பித்தோம். மார்ச்சில் சில நாட்கள் கிழக்குக் காற்று பலமாக இருந்து, கடல்காற்று மதியம் இரண்டு மணி வரை எட்டிப் பார்க்காது. அந்த மூன்று மணி நேரத்தில் ஏழெட்டு டிகிரி ஏறிவிடும். மார்ச்சில் சாந்தாக்ரூஸின் இயல்பு சுமார் 33. அதனால் 37.5 தொட்டால் வெப்ப அலைக் கணக்குக்குள் வந்துவிடும். இந்த வறண்ட மார்ச் வெயிலைத்தான் வரையறை நன்றாகப் பிடிக்கிறது.

ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் கடல்காற்று ஒழுங்காக வரும். வரும்போது ஈரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும். தெர்மாமீட்டர் 34, 35ஐத் தாண்டாது. ஆனால் வியர்வை காயாது. உடம்பு சூட்டை இறக்குவதற்கு வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை ஆவியாவதுதான். அது அடைபட்டால் 35 டிகிரியே ஆளைச் சாய்க்கும். திருநெல்வேலியின் 40இல் சட்டை காயும், மும்பையின் 35இல் காயாது. அம்மாவிடம் போனில் விளக்க முடியாமல் நாம் தவிப்பது இதைத்தான்.

இதை அளக்கக் கருவி இல்லையா என்றால், ஸ்டீவன்சன் பெட்டிக்குள் அந்த ஈரத்துணி தெர்மாமீட்டர் நூறு வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறது! தினமும் அதையும் படித்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதினார்கள், வரையறையில் சேர்க்கவில்லை. வரையறை போட்டவர்கள் மனதில் இருந்தது விதர்பாவும் ராஜஸ்தானும் கங்கைச் சமவெளியும், அங்கே வீசும் வறண்ட அனல்காற்றும். கடற்கரை ஒரு விதிவிலக்காக, 40க்குப் பதில் 37 என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அந்த ஒரு வரியின் விலை என்ன? 1998இல் ஒடிசாவில் வெயிலுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலை ஒட்டிய மாநிலம். அதன் பிறகு ஒடிசா விழித்துக்கொண்டது. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் ஆய்வு சொன்னது. அது 2013இல் நாட்டின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்துக்கு வழி செய்தது. நம் பக்கத்தில், 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில் மாநில அரசின் விருது விழா. திறந்த மைதானம், லட்சக்கணக்கில் கூட்டம், நிழல் இல்லை. வெயில் தாக்கி 14 பேர் இறந்தார்கள். அன்று அங்கே 38 டிகிரியை ஒட்டித்தான் வெப்பம் என்று செய்திகள் சொல்லின. இரண்டு நிலையம், இரண்டு நாள் என்கிற விதிக்கெல்லாம் அந்த ஒரு பகல் காத்திருக்கவில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் குறியீட்டை வானிலைத் துறை சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியதும் 2023இல்தான்.

இன்னொரு வரையறை தில்லியில் இருக்கிறது, பணம் சம்பந்தப்பட்டது. புயல், வெள்ளம், பூகம்பம், வறட்சி என்று பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2012இல் அதில் குளிர் அலையும் உறைபனியும் சேர்ந்தன. வெப்ப அலை சேரவில்லை. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழுவிடம் மாநிலங்கள் கேட்டபோது, பட்டியல் இருக்கிறபடியே போதும் என்று பதில் வந்தது. மாநிலங்கள் தங்கள் நிதியில் பத்து சதவிகிதம் வரை உள்ளூர்ப் பேரிடர் என்று அறிவித்துச் செலவு செய்யலாம். தமிழ்நாடு 2024 அக்டோபரில் அந்த வழியில்தான் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். குளிரில் நடுங்கிச் செத்தால் தேசியப் பேரிடர், வெயிலில் சுருண்டு செத்தால் உள்ளூர் விவகாரம் என்கிற இந்தப் பிரிவினைக்கு எனக்கு எந்த விளக்கமும் திருப்தியாக இல்லை.

இப்போது மும்பைக்குள் வருவோம். இந்த ஊருக்கு அதிகாரபூர்வ எண் சொல்பவை கொலாபாவும் சாந்தாக்ரூஸும். ஒன்று கடல் ஓரம், மற்றது விமான நிலையம். செம்பூரில் மரத்தடித் தெருவில் இருப்பவருக்கும், மாட்டுங்காவில் ஐந்து தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் அந்த எண் ஓரளவு பொருந்தும். ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்குள் போனால் கதையே வேறு. தோல் பதனிடும் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று இருக்கும் வீடுகளில் பலவற்றுக்கு மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். மாடியில் ஏணி போட்டு ஏறினால் தையல் பட்டறை. தலைக்கு ஓரடி மேலே ஷீட். கீழே அடுப்பு, பக்கத்தில் பேக்கரி. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், காற்று எங்கே வரும்? வெட்டவெளி, புல்தரை, நிழல், காற்றோட்டம் என்று ஸ்டீவன்சன் பெட்டிக்கு வேண்டிய எதுவும் அங்கே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்குக் கிடைக்கிற சௌகரியம் அங்கே மனுஷனுக்குக் கிடையாது.

பகலாவது வெளியே போய்விடலாம். இரவுதான் பிரச்சினை. சிகாகோவில் 1995 ஜூலையில் ஒரு வாரத்துக்குள் 700 பேருக்கு மேல் இறந்தபோது தெரிந்துகொண்ட பாடங்களில் ஒன்று, ராத்திரி சூடு இறங்காவிட்டால் உடம்பு தேறாது என்பது. நம் வானிலைத் துறையிடம் இதற்கும் ஒரு வரையறை உண்டு: 'வெப்ப இரவு'. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை, அன்றைய பகல் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். மே மாதத்து மும்பைப் பகல் 40ஐத் தொடுவது அபூர்வம். ஆக, வீட்டுக்குள் இருக்க முடியாமல் ராத்திரி ஒரு மணிக்குச் சந்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார்களே தாராவியில், அவர்கள் கழிப்பது விதிப்படி வெப்ப இரவு ஆகாது.